ஆறுமணிக் குருவிக்குப் பால் பருக்காதீர்கள்

புரட்டாசி முடிந்தால் போதும், சப்பாத்துப் பெட்டியோடு ஆட்கள் மிருக வைத்தியரான என்னிடம் வரத் தொடங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் பச்சை முதுகும் வாலடியில் சிவப்புமாக ஓர் ஆறுமணிக் குருவி இருக்கும். கடைசியாக வந்ததற்குச் சிரிஞ்சால் பால் பருக்கியிருந்தார்கள். பால் மூச்சுக்குழாய்க்குள் போய், வரும் வழியிலேயே செத்துவிட்டது.

கொண்டு வருபவர்கள் நினைப்பதுபோல் இது யாரோ வளர்த்துத் தப்பவிட்ட குருவி அல்ல. குஞ்சும் அல்ல. வாலைப் பூனை கடிக்கவுமில்லை, இதற்கு வாலே கட்டைதான். வட, மத்திய இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து கடல் கடந்து இலங்கைக்கு வருகிறது. களைத்து விழுந்திருக்கும், அல்லது விறாந்தை லைற்றில் திசைமாறிக் கண்ணாடியில் மோதியிருக்கும்.

விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் இரட்டை விசிலாகக் கூவுவதால் இந்தப் பெயர். சிங்களத்தில் அந்தக் கூவலையே பெயராக்கி 'அவிச்சியா' என்கிறார்கள். அது பார்ப்பது வெளிச்சத்தை, மணிக்கூட்டை அல்ல. நம் ஊரில் சூரியன் எப்போதும் ஆறு மணியை ஒட்டியே வந்து போவதால் பெயர் பொருந்துகிறது. ஆனி மாதம் இமயமலை அடிவாரத்தில் இருட்டவே ஏழு மணியாகிவிடும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? "டொக்டர், கூட்டில வைச்சா ஆறு மணிக்கு எழுப்புமாமே?" என்று இன்னும் கேட்கிறார்கள். எழுப்பாது. கம்பியில் மோதித் தலையை உடைத்துக்கொள்ளும். சோறு, தினை தொடாது. சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்கிற சீவன். எழுப்புவதற்குப் போனில் அலாரம் இருக்கிறது. பிடித்து வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

விழுந்து கிடந்தால் ஓட்டை போட்ட பெட்டியில் பழைய துவாய் விரித்து வையுங்கள். மூடி, இருட்டான மூலையில் விடுங்கள். வாயைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். படம் எடுக்கிறேன் என்று நிமிடத்துக்கொரு தரம் திறக்காதீர்கள். ஓரிரு மணித்தியாலத்தில் உள்ளே துள்ளும் சத்தம் கேட்டால், பூனையை வீட்டுக்குள் பூட்டிவிட்டு, வளவுக் கோடியில் மரநிழலில் பெட்டியைத் திறந்து வைத்து விலகுங்கள். செட்டை தொங்கினாலோ அலகில் இரத்தம் இருந்தாலோ மட்டும் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இரவு வெளி லைற்றை அணைத்துவிடுங்கள். அப்புறம், முற்றத்தோடு சேர்த்து முழு வளவையும் கூட்டிச் சருகை எரிக்கும் அம்மாமாரே, வேலியோரமாகக் கொஞ்சம் விட்டுவையுங்கள். பங்குனி வரைக்கும் அதற்குச் சாப்பாடு அதற்குள்தான்.