சீனி பிள்ளையோடு போய்விடவில்லை

சென்ற வாரம் கிளினிக்குக்கு ஒரு தாய் வந்திருந்தார். வயது 34, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், வயிற்றில் மூன்றாவது பிள்ளை, ஒன்பது வாரம். வெறுவயிற்றுச் சீனி 214 மில்லிகிராம் என்று வந்திருந்தது. முந்தைய கர்ப்பத்தில் சீனி, அதாவது கர்ப்பகால நீரிழிவு, இருந்ததா என்று கேட்டேன். “இருந்த டொக்டர், ஊசியும் போட்ட. பிறகு அது புள்ளயோட போயிட்டு” என்றார். இடைப்பட்ட நான்கு வருடங்களில் ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, உடன் வந்திருந்த அவருடைய தாயார்தான் பதில் சொன்னார்: “நல்லாத்தானே இருந்த, எதுக்குச் சும்மா ரெத்தம் எடுக்கிற?” (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“பிள்ளையோடு போய்விட்டது” என்ற இந்த வசனத்தை எத்தனை தாய்மாரின் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஒன்பதாவது வாரத்தில் கருவின் இதயமும் முதுகுத்தண்டும் பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்கும். அவை உருவாகும் நாட்களில் தாயின் இரத்தத்தில் சீனி இவ்வளவு ஏறி இருந்தால் பிறவிக் குறைபாடுகளின் ஆபத்து கூடும் என்பதையும், அந்த நாட்கள் கடந்துவிட்டன என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொன்ன கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எது போனது, எது போகவில்லை? மாரிக்கு உன்னிச்சைக் குளம் நிரம்பும்போது குளக்கட்டில் ஓரிடத்தில் நீர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குனியில் நீர் இறங்கியதும் கசிவு நின்றுவிடும். கட்டு தானாகவே சரியாகிவிட்டது என்று எந்தக் கமக்காரனும் சொல்லமாட்டான், அடுத்த மாரிக்கு முன் அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பான். கர்ப்பம் என்பது உடலின் இன்சுலின் சுரப்புக்கு வருகின்ற மாரி. பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியேறியவுடன் அந்தப் பாரம் இறங்குகிறது, அளவுகள் சில நாட்களிலேயே சாதாரணமாகின்றன, இன்சுலின் ஊசியும் நிறுத்தப்படுகிறது. இறங்கியது பாரம் மட்டுமே. அந்தப் பாரத்தைத் தாங்கமுடியாத பலவீனம் தாயின் உடலில்தான் இருந்தது, இன்னும் அங்கேயே இருக்கிறது. பிள்ளை எடுத்துக்கொண்டு போவதற்கு அது பிள்ளையின் சொத்து அல்ல.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றும் அல்ல. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஓ’சலிவன், மாஹன் என்ற இருவர் 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சோதித்து, கர்ப்பகால நீரிழிவுக்கான எல்லைகளை 1964இல் வகுத்தார்கள். அந்த எல்லைகள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை வைத்து வகுக்கப்பட்டவை அல்ல. எந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக நீரிழிவு வரும் என்பதை வைத்தே அவை தீர்மானிக்கப்பட்டன. அதாவது, தாயின் எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்வதற்காகவே பிறந்த ஒரு பரிசோதனையை, பிள்ளை பிறந்தவுடன் முடிந்துபோன கதையாக நாங்கள் ஆக்கிவைத்திருக்கிறோம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் வெளியான ஒரு கணிப்பின்படி, கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல்.

அன்று என் மேசைக்கு முன்னால் மூன்று தலைமுறைகள் இருந்தன. மகள் பிறந்தபோது நிறை எவ்வளவு என்று தாயாரிடம் கேட்டேன். 1990இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது பிறந்தவராம். “பூனைக்குட்டி மாதிரி இருந்த” என்றார். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்ற சுகாதாரத் தாதியர், 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் பேரேடுகளில் எழுதிவைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, 5,654 ஆண்களுடைய விவரங்களைப் பின்தொடர்ந்து, ஒரு வயதில் நிறை குறைந்திருந்தவர்களே மாரடைப்பு நோயால் அதிகம் இறந்தார்கள் என்று 1989இல் வெளியிட்டார். பிறப்பு நிறை குறைந்தவர்களிடம் நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுவது அதன் பின்னர் தெரியவந்தது. (எங்கள் மருத்துவ மாதுக்கள் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைப்பதை வீண்வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.) யுத்த காலத்தில் வயிற்றிலேயே பசித்திருந்த உடல், பிறகு மூன்று வேளைச் சோறும், சீனி போட்ட தேத்தண்ணீரும், தயிருக்குப் பாணியுமாகப் பழகும்போது என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். 2005-06இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. யுத்தம் காரணமாக அந்தக் கணக்கில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவே இல்லை.

பிள்ளையின் பக்கமும் உண்டு. ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் பிறந்த பிள்ளைகள் பலரை 10 முதல் 14 வயதில் மீண்டும் சோதித்தபோது, தாயின் சீனி கூடியிருந்த பிள்ளைகளிடம் சீனிக் கோளாறும் கூடுதலாகவே இருந்தது.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனை செய்யவேண்டும் என்று ஆங்கிலத்தில், வைத்தியர் கையெழுத்தில், ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். தமிழில் ஒரு நிமிடம் வாயால் சொல்லியிருந்தால் அந்தத் தாய் நான்கு வருடம் முந்தியே வந்திருக்கலாம்.

ஆகவே, கர்ப்பத்தில் சீனி இருந்த ஒவ்வொரு தாயும் பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் எடுக்கும் பரிசோதனையைச் செய்ய வேண்டும். பாமசியில் விரலில் குத்திப் பார்த்து 130 என்று மகிழ்ந்துவிட்டுப் போவது பரிசோதனை அல்ல. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் அந்த நேரத்தில் ஏமாற்றலாம், பேற்றில் இரத்தம் போயிருக்கும். “ரிப்போட் நல்லா வரட்டும்” என்று மூன்று நாள் சோற்றைக் குறைத்துவிட்டு வராதீர்கள். மாச்சத்தை ஒறுத்துவிட்டு வந்தால் அந்தப் பரிசோதனையில் அளவு பொய்யாகக் கூடித்தான் காட்டும். முடிவு நன்றாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுவதும் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு ஆயத்தமாகும் முன்பு கட்டாயம் பார்க்க வேண்டும், மாதவிடாய் தள்ளிப்போன பிறகு அல்ல.

நீரிழிவுக்கு முந்திய நிலை என்று வந்தால் பயந்து ஒளிக்கத் தேவையில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்து, பிறகு அந்த நிலையில் இருந்த பெண்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்தபோது, உணவுக் கட்டுப்பாடும் நடையும் எடைக் குறைப்புமாகச் சேர்ந்து, அவர்களுக்கு நீரிழிவு வருவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. மெட்போமின் என்ற நீரிழிவு மாத்திரையும் அதே அளவுக்கு உதவியது. தாய்ப்பால் கொடுப்பதும் தாயைக் காக்கிறது. வெந்தயம், பாவற்காய் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், சாப்பிடுங்கள், ஆனால் பரிசோதனைக்கும் வாருங்கள்.

வீட்டிலிருக்கும் அம்மாமாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். முப்பத்தோராம் நாளைக் கழித்து, பத்தியமும் காயச் சரக்கும் கொடுத்துப் பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போடும் திகதி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதே வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் கொடுக்காமல், மகளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கொண்டுவரலாம். இரண்டு மணித்தியாலமும் வாங்கில் இருந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.