டிரைவர் இதயம், கண்டக்டர் இதயம்

லண்டன் மாடி பஸ்ஸில் அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கு வேலை. டிரைவர் ஷிப்ட் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்து 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி, வீரியம் குறைந்து வந்தது.

ஏற்கெனவே குண்டாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? மாரிஸுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் சீருடைப் பதிவேட்டைப் புரட்டி, பேன்ட்டின் இடுப்பளவை எடுத்தார்! டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டாலும் கண்டக்டர்களே தப்பித்தார்கள்.

அப்படியானால் உட்காரும்போது என்னதான் நடக்கிறது? காலிலிருந்து தொடங்கலாம். பாதம் வரை போன ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து இதயத்துக்கு ஏற வேண்டும். இதயத்தின் அழுத்தம் மட்டும் அதற்குப் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது, அதற்குள் ஓடும் சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலே போகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. உட்கார்ந்தால் இந்தத் தசை சும்மா இருக்கிறது. ரத்தம் கீழே தேங்க, நீர்ப்பகுதி குழாய்ச் சுவர் வழியாகக் கசிந்து கணுக்கால் வீங்குகிறது. சென்னையில் இரவு பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கும்போது ஷூ இறுக்குவது இதனால்தான்.

தேங்கிய ரத்தம் சில சமயம் உறையவும் செய்யும். 1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் மக்கள் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தார்கள். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறப்பது திடீரென்று அதிகரித்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் கவனித்தார். நாற்காலியின் முன்சட்டம் காலை அழுத்தியதும் ஒரு காரணம். படுக்கைகள் போட வேண்டும் என்றார்.

சர்க்கரை விஷயம் இதைவிட நுட்பமானது. தசை சுருங்கும்போது, குளூட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது. இதற்கு இன்சுலின் கூடத் தேவையில்லை. தசை அசையாவிட்டால் அந்த வழி அடைபட்டு, வேலை முழுக்க இன்சுலின் தலையில் விழுகிறது. கொழுப்பை உடைத்துத் தசைக்குள் அனுப்பும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியும் இப்படித்தான்; தசை சும்மா இருந்தால் அதன் வேகம் குறைந்துவிடுகிறது.

சரி, 'முதுகை நேராக வைத்து உட்காரு' என்று எல்லாரும் சொல்வது? 1960-களில் ஸ்வீடனில் நாக்கெம்சன் என்ற மருத்துவர், முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அளந்தபோது, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுதலாக இருந்தது. 1999-இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் வட்டில் கருவி வைத்து அளந்தபோது கதையே மாறியது: நாற்காலியில் சரிந்து சாய்ந்து உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவு. அதனால், ஒரே ஒரு சரியான நிலை இருக்கிறது என்று நம்பி விலையுயர்ந்த நாற்காலி வாங்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் அநேகமாக ரத்தக் குழாயே கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் சத்துதான் அதற்குச் சாப்பாடு; உடல் அசைவது அந்த ஊறலுக்கு உதவும் என்று கருதப்படுகிறது. நிமிர்ந்தோ குனிந்தோ, ஒரே நிலையில் மணிக்கணக்காக இருப்பதுதான் தொந்தரவு. கழுத்தும் அப்படியே. ஏறக்குறைய ஐந்து கிலோ தலையை முன்னால் தொங்கவிட்டு போன் பார்த்தால், அதை இழுத்துப் பிடிக்கும் பின்கழுத்துத் தசைகள் ஓய்வே இல்லாமல் இறுகி நிற்கின்றன.

அதற்காக நாளெல்லாம் நிற்கவும் முடியாது. அசையாமல் நின்றாலும் கெண்டைக்கால் தசை பிழியாது, சிரைகள்தான் புடைக்கும். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது.

எவ்வளவு அசைந்தால் போதும்? பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2016-இல் வந்த ஆய்வுப்படி, தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பு இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் கூடும் மரண அபாயம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நம்மில் பலருக்கு அது நடக்கிற காரியமில்லை. ஆனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இன்சுலினும் குறைவதை இன்னொரு சோதனை காட்டியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் போன்களையாவது நடந்துகொண்டே பேசலாம்.