எல்.என்.ஜி. நிலையத்தில் ஒரு பம்பை மாற்ற எத்தனை அனுமதி? அமெரிக்க விதிமுறைகள்: ஒரு விளக்கம்

அமெரிக்காவில் ஏற்கெனவே இயங்கிவரும் ஒரு எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) ஏற்றுமதி நிலையம் இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு கம்ப்ரஸர் வைக்க வேண்டும். அல்லது எந்த இயந்திரத்தையும் தொடாமல், ஆண்டு உற்பத்தி வரம்பை மட்டும் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஃபெர்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் தனியாக விண்ணப்பித்து, தனி உத்தரவு வாங்க வேண்டும். அதே நிலையத்தின் வாசல்வரை வாயு கொண்டுவரும் குழாய் நிறுவனத்துக்கு இந்தச் சிரமம் இல்லை. குறிப்பிட்ட செலவுக்குள் அடங்கும் வேலையை அது ஆணையத்தைக் கேட்காமலே செய்துமுடித்து, ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும்.

குழாய்களுக்கு இருக்கும் இந்த ஏற்பாட்டை எல்.என்.ஜி. நிலையங்களுக்கும் தரலாமா என்பதுதான் இப்போது ஆணையம் பொதுக் கருத்துக்கு வைத்திருக்கும் கேள்வி. இன்றைய முறை என்ன, புதிய யோசனை எதை மாற்றும், எதை மாற்றாது என்று பார்ப்போம்.

யாருக்கு என்ன அதிகாரம்

அடிப்படைச் சட்டம் 1938-இல் வந்த இயற்கை எரிவாயுச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவு மாநிலங்களுக்கு இடையே ஓடும் குழாய்களைப் பற்றியது. 3-ஆம் பிரிவு ஏற்றுமதி, இறக்குமதியைப் பற்றியது. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் இந்த 3-ஆம் பிரிவில் சேர்த்த வாசகப்படி, கரையிலும் மாநிலக் கடல் எல்லைக்குள்ளும் அமையும் எல்.என்.ஜி. முனையத்தின் இடத் தேர்வு, கட்டுமானம், விரிவாக்கம், இயக்கம் ஆகியவற்றுக்கு அனுமதி தரவும் மறுக்கவும் ஆணையத்துக்கு மட்டுமே அதிகாரம். அதற்கு அப்பால் ஆழ்கடலில் அமைந்தால் அது ஆழ்கடல் துறைமுகச் சட்டத்தின் கீழ் கடல்சார் நிர்வாகத்திடமும் கடலோரக் காவல் படையிடமும் போகும்.

வாயுவை வெளிநாட்டுக்கு விற்பதற்கான அனுமதி வேறு. அதை எரிசக்தித் துறை தருகிறது. தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கான விண்ணப்பத்தைத் தாமதமில்லாமல் ஏற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற நாடுகளுக்கு என்றால் பொதுநலன் பற்றிய ஆய்வு நடக்கும்.

இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. நிலையத்தின் உற்பத்தி வரம்பை உயர்த்த ஆணையம் ஒப்புக்கொண்டாலும், எரிசக்தித் துறை அனுமதித்த ஏற்றுமதி அளவு பழைய அளவிலேயே நிற்கும். அதையும் உயர்த்தாவிட்டால், கூடுதலாகத் தயாரித்ததை ஏற்றுமதி செய்ய முடியாது.

இன்று இருக்கும் வழிகள்

பழுதான பாகத்தை அதே வகைப் பாகத்தால் மாற்றுவது பராமரிப்புக் கணக்கில் போய்விடும். அதற்குப் புதிய உத்தரவு தேவையில்லை. நிலையம் இன்னும் கட்டுமானத்தில் இருந்து, அங்கீகரித்த வரைபடத்திலிருந்து சிறிது விலக வேண்டியிருந்தால், மூல உத்தரவின் நிபந்தனைகளின்படி எரிசக்தித் திட்ட அலுவலக இயக்குநரிடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கலாம். ஆணையர்கள் வாக்களிக்க வேண்டியதில்லை.

சிக்கல் இதற்கு மேல்தான். மூல உத்தரவில் சொல்லப்பட்ட உற்பத்தி அளவு, இயந்திரங்களின் எண்ணிக்கை, கப்பல் வருகை, நிலப்பரப்பு என்று எதைத் தொட்டாலும் 3-ஆம் பிரிவின் கீழ் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 153-ஆம் பகுதிப்படி அதற்கான இணைப்புகளை வைக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை இணைப்பு எஃப் ஆக வரும். தேவைப்படும் மற்ற எல்லாக் கூட்டாட்சி அனுமதிகளின் பட்டியல் இணைப்பு எச் ஆக வரும். பிறகு பொது அறிவிப்பு, தலையீட்டு மனுக்களுக்குக் காலம், சுற்றுச்சூழல் ஆய்வு, கடைசியில் ஆணையர்களின் உத்தரவு.

லூசியானாவின் கால்கேசியூ பாஸ் நிலையம் தன் உச்ச உற்பத்தி வரம்பை ஆண்டுக்கு 12 மில்லியன் டன்னிலிருந்து 12.4 மில்லியன் டன்னாக உயர்த்திக்கொள்ள வந்ததும் இந்த வழியில்தான். இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் மண் தோண்டும் வேலையே இருக்காது. உண்மையில் இயங்கிப் பார்த்தபோது இயந்திரம் வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தருகிறது என்பதே பெரும்பாலும் காரணம். அதற்கும் ஆணையர்களின் உத்தரவுவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் பெரிய மாற்றமானால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆய்வு நடைமுறை கட்டாயமாகலாம். அது தொடங்கிக் குறைந்தது 180 நாள் கழித்தே விண்ணப்பம் போட முடியும். எது பெரிய மாற்றம் என்பதற்கு 157.21 விதி எடுத்துக்காட்டுகள் தருகிறது: புதிய சேமிப்புத் தொட்டி, கூடுதல் கப்பல் வருகை அல்லது பெரிய கப்பல் தேவைப்படும் அளவுக்கு உற்பத்தி உயர்வு, உச்சத் தேவைக்கு மட்டும் இயங்கிய நிலையத்தைத் தொடர் இயக்கத்துக்கு மாற்றுவது.

அதாவது பராமரிப்புக்கும் முழுத் திருத்த உத்தரவுக்கும் நடுவில், இயங்கும் நிலையத்துக்கென்று தெளிவான நடுப்படி இல்லை. யோசனை நிரப்ப நினைப்பது அந்த நடுப்படியைத்தான்.

குழாய்களுக்கு இருக்கும் பிளாங்கெட் அனுமதி

பிளாங்கெட் அனுமதி என்பது, ஒவ்வொரு சிறு வேலைக்கும் தனித்தனியாகக் கேட்காமல் ஒருமுறை வாங்கிக்கொள்ளும் பொது அனுமதி. 1982 முதல் மாநிலங்களுக்கு இடையேயான குழாய் நிறுவனங்களுக்கு இது கிடைக்கிறது. ஒருமுறை வாங்கிவிட்டால், தகுதியுள்ள சிறு வேலைகள் இரண்டு தட்டுகளில் விழும். முதல் தட்டு தானாகக் கிடைக்கும் அனுமதி. செலவு ஆண்டுதோறும் திருத்தப்படும் வரம்புக்குள் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். பாதிக்கப்படும் நில உரிமையாளருக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும். முடித்த வேலைகளை மே 1-ஆம் தேதிக்குள் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும்.

இரண்டாவது தட்டு முன்னறிவிப்பு. செலவு முதல் வரம்பைத் தாண்டி இரண்டாவது வரம்புக்குள் இருந்தால் ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆணையம் அதை வெளியிட்ட பிறகு 60 நாளுக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகப் பொருள். எதிர்ப்பு வந்தால் பேசித் தீர்க்க 30 நாள். அதிலும் தீராவிட்டால் அறிவிப்பே முழு விண்ணப்பமாக மாறி வழக்கமான வழியில் போகும். வரம்புக்குள் அடங்குவதற்காக ஒரே வேலையைத் துண்டுதுண்டாகப் பிரிக்கக் கூடாது என்றும் விதி உண்டு.

2006-இல் இந்த ஏற்பாட்டை விரித்தபோது, மீண்டும் வாயுவாக்கிய எல்.என்.ஜி.யை எடுத்துச்செல்லும் குழாய்களையும் முன்னறிவிப்புத் தட்டில் சேர்த்தார்கள். ஆனால் 3-ஆம் பிரிவின் கீழ் வரும் முனையங்கள் வெளியேதான் நிற்கின்றன.

செலவை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும்

குழாய் விதியை அப்படியே எடுத்து எல்.என்.ஜி. நிலையத்தின் மேல் வைப்பது சரியாக வராது என்பது எங்கள் உறுதியான கருத்து. குழாய் வேலையில் செலவு என்பது பெரும்பாலும் நீளத்தையும் தோண்டும் நிலத்தையும் காட்டும். எல்.என்.ஜி. நிலையத்தில் செலவு ஆபத்தைக் காட்டாது.

தொட்டியிலிருந்து கப்பலுக்குத் தள்ளும் ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 1,000 கனமீட்டர் தள்ளுகிறது. அதன் இம்பெல்லரை, அதாவது திரவத்தைத் தள்ளும் சுழல்சக்கரத்தை, மாற்றி 1,200 ஆக்குகிறார்கள். வேலை சிறியது, செலவும் பெரிதில்லை. ஆனால் கூட்டாட்சி விதி மேற்கோள் காட்டும், தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 59ஏ தரநிலையின் 2001 பதிப்புப்படி, குழாய் உடைந்தால் பம்பின் முழு ஓட்டத்தில் 10 நிமிடம் கொட்டும் என்று வைத்துச் சிதறல் கணக்குப் போடுவது வழக்கம். முன்பு அது 167 கனமீட்டர். இப்போது 200. சிதறலைப் பிடிக்கும் குழி 180 கனமீட்டருக்குக் கட்டப்பட்டிருந்தால், நேற்றுவரை போதுமாக இருந்தது இன்று போதாது. குழி பெரிதானால் அங்கிருந்து எழும் ஆவியின் பரவலும் தீயின் வெப்பம் எட்டும் தூரமும் மாறும். அந்தக் கோடு நிலையத்தின் எல்லைவேலியைத் தாண்டினால், கேள்வி இடத் தேர்வைப் பற்றியதாகிவிடும். மாறாக, நிலையத்துக்குள்ளேயே பல கோடி டாலரில் ஒரு நிர்வாகக் கட்டடமோ கிடங்கோ கட்டினால் இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை அசையாது.

2022 ஜூன் 8-ஆம் தேதி டெக்ஸாஸின் குவின்டானா தீவில் ஃப்ரீபோர்ட் நிலையத்தில் நடந்ததும் பெரிய இயந்திரத்தால் வந்ததல்ல. இரண்டு வால்வுகளுக்கு நடுவே குழாயில் எல்.என்.ஜி. அடைபட்டது. அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து அந்தப் பகுதியைக் காக்க வேண்டிய ரிலீஃப் வால்வு, இணைப்பு அடைக்கப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டுக் கிடந்தது. சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் இருந்த திரவம் மெல்லச் சூடேறி விரிந்து குழாயை உடைத்தது. நிலையம் மீண்டும் இயங்க 2023 பிப்ரவரி ஆனது. 2014 மார்ச் 31-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிளைமவுத் நிலையத்தில் நடந்த வெடிப்புக்கும், பைப்களிலிருந்து காற்றை முழுதாக வெளியேற்றாமல் விட்டதே காரணம். இரண்டிலும் தவறியது வேலைமுறை. எந்தச் செலவு வரம்பும் இவற்றைப் பிடித்திருக்காது.

ஆகவே தட்டுகளைப் பிரிக்கும் கேள்விகள் வேறாக இருக்க வேண்டும். மாற்றத்தால் எரிவாயு அல்லது திரவத்தின் அளவு, அழுத்தம், ஓட்டம் கூடுகிறதா? சிதறல் குழி, ரிலீஃப் வால்வு, ஃபிளேர் (மிகுதி வாயுவை எரித்துவிடும் அமைப்பு) ஆகியவற்றின் கணக்கு மாறுகிறதா? கப்பல் வருகை கூடுகிறதா? ஏற்கெனவே ஆய்வு செய்யப்பட்ட நிலத்துக்கு வெளியே போகிறதா? நான்குக்கும் இல்லை என்றால் தானாகக் கிடைக்கும் அனுமதி நியாயம். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றாலும், கணக்கு பழைய வரம்புக்குள் நிற்கிறது என்று காட்ட முடிந்தால் முன்னறிவிப்பு. முடியாவிட்டால் இன்றைய முழு வழி.

இது எளிதானாலும் மற்றவை அப்படியேதான்

ஆணையத்தின் அனுமதி எளிதானால் மற்ற அலுவலகங்களின் கதவும் திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். குழாய் மற்றும் அபாயப் பொருள் பாதுகாப்பு நிர்வாகத்தின் 193-ஆம் பகுதி விதிகள் தனியாக நிற்கின்றன. 2000 மார்ச் 31-க்குப் பிறகு ஒரு நிலையத்தில் கணிசமாக மாற்றப்படும் பகுதி, வடிவமைப்பு, கட்டுமான விதிகளுக்கு உட்பட வேண்டும். சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவைக் கூட்டினாலோ இடம் மாற்றினாலோ இட விதியும் சேர்ந்துகொள்ளும். 1 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் செலவாகும் மாற்றத்துக்கு 60 நாள் முன்பே அந்த நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும்.

கப்பல்களின் அளவோ எண்ணிக்கையோ கூடும்படி கப்பல் துறையை மாற்றினால், கடலோரக் காவல் படைக்கு வேலை தொடங்கக் குறைந்தது ஓராண்டு முன்பே விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். நீர்வழி தாங்குமா என்ற மதிப்பீடும் வரும். சதுப்பு நிலத்தையோ கப்பல் வழியையோ தொட்டால் ராணுவப் பொறியாளர் படை. அதோடு மாநிலத்தின் நீர்த் தரச் சான்று, இதற்கு ஓராண்டுவரை ஆகலாம். கடலோர மண்டல ஒப்புதலுக்கு மாநிலத்துக்கு 6 மாதம். புதிய கம்ப்ரஸர் அல்லது டர்பைன் வந்தால் காற்று மாசு அனுமதி. பல வேலைகளில் உண்மையில் நாளை இழுப்பது இந்த வரிசைதான் என்பதால், ஆணையத்திடம் போவதற்கு முன்பே இவற்றைத் தொடங்குவது நல்லது.

விண்ணப்பத்தில் எங்கே இடறுகிறது

பைப்பிங் மற்றும் கருவி வரைபடங்களைப் புதுப்பித்துவிட்டு, எந்த உணரி எதை நிறுத்தும் என்று காட்டும் அட்டவணையைப் பழையபடி விட்டுவிடுவது நிறையவே நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பொறியாளர் குழுவிடமிருந்து கேள்விக் கடிதம் வரும், பதில் எழுதி முடிக்கும்வரை ஆய்வு நிற்கும். இன்னொன்று, முக்கிய எரிசக்திக் கட்டமைப்பு பற்றிய மறைவான தகவலை எப்படிக் கையாள்வது என்பது. சிலர் மொத்தக் கோப்பையும் மறைவானது என்று முத்திரையிடுவார்கள், சிலர் பாதுகாப்பு வரைபடத்தைப் பொதுக் கோப்பில் போட்டுவிடுவார்கள். மறைவான பகுதியைத் தனிக் கோப்பாகவும், அதை நீக்கிய பொதுப் பதிப்பை இன்னொரு கோப்பாகவும் கொடுக்க வேண்டும்.

மூல உத்தரவின் நிபந்தனைகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் இந்த மாற்றத்தால் பாதிக்கப்படுகிறதா என்று ஒரு வரி எழுதி வைப்பது விதியில் கேட்கப்படாத வேலை. ஆனால் அதைச் செய்தவர்களுக்குக் கேள்விக் கடிதங்கள் குறையும்.

கருத்துச் சொல்ல விரும்புவோருக்கு

கருத்துக் கேட்பு என்பது விதி அல்ல. வந்த கருத்துகளைப் பார்த்து ஆணையம் வரைவு விதி வெளியிடலாம், அதற்கும் கருத்துக் கேட்ட பிறகே இறுதி விதி வரும். அதுவரை இன்றைய 153-ஆம் பகுதி நடைமுறைதான் செல்லும், எந்த நிலையமும் புதிய முறையை நம்பி வேலையைத் தொடங்க முடியாது.

ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள ஈகமென்ட் வசதியில் வழக்கு எண்ணைக் கொடுத்து யாரும் கருத்துப் பதியலாம், கட்டணம் இல்லை. இணைப்பு இல்லாத வெறும் உரை, 6,000 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கணக்கோ வரைபடமோ சேர்க்க வேண்டுமானால் ஈஃபைலிங் வழியாகப் போக வேண்டும். ஈசப்ஸ்க்ரிப்ஷனில் அந்த எண்ணைச் சேர்த்துக்கொண்டால், வழக்கில் பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் வரும்.

ஒரு குறிப்பிட்ட நிலையத்தின் திருத்த விண்ணப்பத்தில் மறுவிசாரணை கேட்கும் உரிமை வேண்டுமென்றால் கருத்து மட்டும் போதாது. அறிவிப்பில் கொடுத்த தேதிக்குள் தலையீட்டு மனு போட்டு அந்த வழக்கில் ஒரு தரப்பாக வேண்டும். உத்தரவு வந்து 30 நாளுக்குள் மறுவிசாரணை மனு கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போக முடியாது.