டேங்கர் லாரியில் டீசல் ஏற்றும்போது: நிலைமின்சாரத்தை மறக்க வேண்டாம்

எரிபொருள் கிடங்குகளில் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றிய ஆண்டுகளில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த சொல் ‘டீசல்தானே’ என்பதுதான். பெட்ரோல் ஏற்றும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். டீசல் என்றதும் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஆனால் முந்தைய நடையில் பெட்ரோல் கொண்டுபோன தொட்டி அறையில் (லாரித் தொட்டியின் ஒரு தடுப்புப் பகுதியில்) அடுத்த நடைக்கு டீசல் ஏற்றுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன்.

பெட்ரோலை இறக்கிவிட்டு வந்த அறையில் ஆவி பெரும்பாலும் அளவுக்கு மீறி அடர்ந்திருக்கும்; போதிய காற்று இல்லாததால் அது தீப்பற்றாது. அதற்குள் டீசல் விழும்போது, அந்த ஆவியை டீசல் உறிஞ்சிக்கொள்ள, வெளிக்காற்றும் உள்ளே கலக்க, அடர்த்தி படிப்படியாகக் குறைந்து, தீப்பற்றக்கூடிய 1.4 முதல் 7.6 சதவீதம் என்ற வரம்புக்குள் வந்துவிடுகிறது. அதே நேரத்தில், குழாயிலும் வடிகட்டியிலும் உராய்ந்து வரும் டீசல் மின்னூட்டத்தை, அதாவது நிலைமின்சாரத்தை, சுமந்து வருகிறது. கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்ட இன்றைய பிஎஸ்-6 (வாகனப் புகை விதிக்கேற்ற) டீசலில், மின்சாரத்தைக் கடத்தும் இயற்கைக் கூறுகளும் சுத்திகரிப்பிலேயே நீங்கிவிடுவதால், கடத்துதிறன் கூட்டும் சேர்மம் கலக்காவிட்டால் அந்த மின்னூட்டம் எளிதில் வடியாது. தேங்கிய மின்னூட்டம் பொறியாகப் பாயலாம்; பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றலுள்ள பொறி போதும்.

எர்த்திங் கிளாம்ப்பை (லாரியைத் தரையோடு இணைக்கும் கம்பியின் கவ்வியை) மாட்டிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது தொட்டியின் உடலில் சேரும் மின்னூட்டத்தைத்தான் தரைக்கு அனுப்பும். திரவத்துக்குள் இருப்பதை உடனே அகற்றாது. அதற்கு மெதுவான ஓட்டமும் காத்திருப்பும் தேவை. நிரப்புகுழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, அதன் வாய் திரவத்தில் நன்றாக மூழ்கும்வரை, ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்குச் சுமார் 490 லிட்டர்தான். வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேகம் என்பதை அறிவேன். ஆயினும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஒருமுறை கிளாம்ப் புதிதாகப் பெயின்ட் அடித்த மட்கார்டைக் கவ்வியிருந்ததைப் பார்த்தேன். அதன் பற்களுக்கடியில் பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை. மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தபோது இணைப்பே இல்லை என்று காட்டியது. தொட்டியோடு பற்றவைக்கப்பட்ட எர்த்திங் போல்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் மாட்டிய பிறகுதான் அளவு 10 ஓமுக்குக் கீழே வந்தது. தரை இணைப்பு சரியில்லாவிட்டால் பம்ப்பே ஓடாதபடி தடுக்கும் இன்டர்லாக் அந்த கேன்ட்ரியில் (எரிபொருள் ஏற்றும் மேடையில்) இல்லை.

ஏற்றி முடித்தவுடன் டிப் ராடை (அளவு பார்க்கும் கோலை) உள்ளே விடும் பழக்கமும் இதே அளவு ஆபத்தானது. மின்னூட்டம் வடியக் குறைந்தது ஒரு நிமிடமாவது விட வேண்டும்; நான் ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வேன். அளவு பார்த்து, குழாயை எடுத்து, மூடியை அடைத்த பிறகே கிளாம்ப்பைக் கழற்றுங்கள்.