உறுதிமொழி: சாட்சிக்குக் கடவுளை அழைக்காத சொல்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். பள்ளியில் தினமும் காலையில் கன்னடத்தில் சொல்லும் 'பிரதிஜ்ஞெ'யை ('இந்தியா எனது நாடு' என்று தொடங்குமே, அதை) ஒரு விழாவில் தமிழில் சொல்ல வேண்டுமாம். "மாமா, பிரதிஜ்ஞென்னா சத்தியம்தானே? தலைப்பு அப்படியே போட்டுடவா?" என்று கேட்டாள். உறுதிமொழி என்று போடு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். ஒன்றல்ல. ஏன் என்று அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

முதலில் பிரதிக்ஞை. வடசொல். 'ஞா' என்றால் அறிதல். அந்த வேரில் பிறந்தது. தருக்க நூல்களில், நிறுவுவதற்காக ஒருவர் எடுத்து வைக்கும் கூற்றுக்கு இந்தப் பெயர். சைவ சித்தாந்த உரைகளில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று ஒரு வரிசை வரும். அதில் மேற்கோள் என்பது இந்தப் பிரதிக்ஞைதான்: தன்மேல் ஏற்றுக்கொண்ட கூற்று. எவ்வளவு பொருத்தமான சொல்! ஆனால் இன்று மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்துக் காட்டுவது என்றே பொருள்படுகிறது. அதனால் அதை இங்கே பயன்படுத்த முடியாது.

சத்தியமும் ஆணையும் வேறு வகை. "அம்மா சத்தியமா", "சாமி சத்தியமா" என்கிறோம். பெங்களூரில் நம் பிள்ளைகள் விளையாடும்போது "தேவராணெ" என்று கன்னடத்தில் சத்தியம் செய்வதையும் கேட்கலாம். அந்த ஆணெ நம்முடைய ஆணைதான். இது வடமொழி ஆக்ஞையிலிருந்து வந்தது என்பார் உண்டு, தமிழ்ச் சொல்லே என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும் இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றாக வேண்டும். அம்மாவோ, சாமியோ, எதிரில் நிற்பவரின் தலையோ சாட்சிக்கு வரவேண்டும்.

பழந்தமிழில் இரண்டு வகையும் இருந்தன, தனித்தனிப் பெயரோடு. தெய்வத்தை முன்வைத்துச் சொல்வது சூள். குறுந்தொகை 53ஆம் பாட்டில் தலைவன், தலைவியின் முன்கையைப் பற்றிக்கொண்டு சூரரமகளிர் என்னும் அச்சம் தரும் தெய்வப் பெண்கள் மேல் சூளுரைக்கிறான். அது பொய்த்துவிட, அந்தச் சூள் எங்களை வருத்தியது என்கிறாள் தோழி. இன்னொன்று வஞ்சினம், கோபத்தில் எடுக்கும் சபதம். புறநானூறு 72இல் பாண்டியன் நெடுஞ்செழியன் பகைவரை வெல்வேன் என்று சொல்கிறான். வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும், இரப்போர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். அந்தப் பாட்டு முழுவதிலும் கடவுள் பெயர் இல்லை. மக்களும் புலவர்களும் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதைத்தான் அவன் பணயம் வைக்கிறான். உறுதிமொழி என்ற சொல்லை இந்த வஞ்சினத்தின் வழியில் வந்ததாகவே நான் பார்க்கிறேன். வஞ்சினத்தில் இருக்கும் கோபம்தான் இதில் இல்லை.

'உறுதி'யின் பழைய பொருள் திடம் மட்டுமல்ல, நன்மையும்தான். உறுதிப்பொருள் என்கிறோமே, அந்தப் பொருள். அமைச்சு அதிகாரத்தில் வள்ளுவர், அரசனுக்குத் தானாகத் தெரியாது, சொன்னாலும் ஏறாது என்றாலும் "உறுதி உழையிருந்தான் கூறல் கடன்" என்கிறார் (638). அங்கே உறுதி கூறுவது என்றால் நன்மையை எடுத்துச் சொல்வது. இன்று பதவியேற்கும் அமைச்சரும் "உறுதி கூறுகிறேன்" என்றுதான் முடிக்கிறார்.

அந்தப் பதவியேற்பில் வருவது 'உளமார'. வயிறார, கண்ணார, வாயார என்பது போல உளம் நிறைய என்று பொருள். இதை 'உளமாற' என்று எழுதினால் உள்ளம் மாறுவதாக ஆகிவிடும். தயவுசெய்து வல்லின றகரம் போடாதீர்கள். அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வழி தருகிறது. இரண்டாவது நாத்திகருக்கென்றே வந்தது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைச் சட்டமாக வாங்கியவர்கள் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். ஆணையிடவே கூடாது என்ற ஏசுவின் சொல்லை அப்படியே கடைப்பிடித்தவர்கள் அவர்கள். இந்தியாவிலும் 1873ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஆணையிடாமல் உறுதிதான் கூறினார்கள். ஆக, கடவுளைச் சாட்சிக்கு அழைக்காமல் இருப்பதற்கு பக்தியும் காரணமாக இருக்கலாம்.

சரி, அந்தப் பெண் சொல்லப்போகும் உறுதிமொழிக்கு வருவோம். 1962இல் விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதியது அது. 1964இல், அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையில் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் கூடி, இதை நாடெங்கும் பள்ளிகளில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது. கூடிய இடம் நம் பெங்களூர்! 1965 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. தெலுங்கில் 'மாத்ருபூமி' என்று இருப்பது தமிழில் 'இந்தியா எனது நாடு' என்று நிற்கிறது. தெலுங்கில் சகோதரர், அதாவது ஒரே வயிற்றில் பிறந்தவர், தமிழில் உடன்பிறந்தவர்கள். எந்த மொழியிலும் இதில் கடவுள் இல்லை. இதற்கு முன்னால் 1949 அக்டோபரில், அரசமைப்பின் முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்கலாம் என்று அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தமும் ஆதரவு 41, எதிர்ப்பு 68 என்று தோற்றுப்போனது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அவர்களுடைய கொடி உறுதிமொழியை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். அவரே கடவுளைச் சேர்க்கவில்லை. கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த 1954இல்தான் 'கடவுளின் கீழ்' என்னும் பொருளில் இரண்டு சொற்களை உள்ளே நுழைத்தார்கள். போதகர் விட்டுவைத்த இடத்தை அரசியல் நிரப்பியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் இன்னோர் உறுதிமொழி இருக்கிறது, தேசிய ஒருமைப்பாட்டுக்கானது. ஊரில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் சமயம் வருகிறது, ஆனால் சாட்சியாக அல்ல. 'சமயம், மொழி, வட்டாரம்' காரணமாக எழும் பூசல்களுக்கு அமைதி நெறியில் தீர்வு காண்பேன் என்ற இடத்தில் வருகிறது. 1991 காவிரிக் கலவரத்தில் மொழியின் பேரால் அடிவாங்கிய பெங்களூர்த் தமிழர்களுக்கு அந்த மூன்று சொற்களும் பக்கத்து வீட்டுச் செய்திதான்.

நேற்று அவளுக்கு இதில் பாதியைச் சொன்னேன். 'சத்தியம்' என்பதை அடித்துவிட்டு 'உறுதிமொழி' என்று எழுதினாள். அப்புறம் நோட்டை மூடாமல், "உடன்பிறந்தவர்கள்னா பக்கத்து வீட்டு ஆயிஷாவும் வருவாளா?" என்று கேட்டாள். வருவாள் என்றேன்.