முதுகில் 48 மணி நேரம்

கல்யாண வீட்டுக்குப் போட்டுப்போன கவரிங் தோடு அன்றிரவு ஒன்றும் செய்யாது. மறுநாள் சாயங்காலம்தான் காது மடல் அரிக்கத் தொடங்கும். அதற்கடுத்த நாள் சிவந்து, நீர் கசியும். அதற்குள் தோடு கழற்றப்பட்டுப் பெட்டிக்குள் போயிருக்கும் என்பதால், பழி பந்தியில் சாப்பிட்ட கத்தரிக்காயின் மேல் விழும். பாவம் கத்தரிக்காய்.

இந்தத் தாமதத்தில்தான் உலோக ஒவ்வாமையின் சூட்சுமம் இருக்கிறது. கவரிங் நகைகள் பலவற்றில் மேல்முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும். முலாம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு அந்த நிக்கலை அயனிகளாகக் கரைக்கிறது. தோலுக்குள் இறங்கும் அயனி மிகச் சிறியது; தனியாக வந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்ளாது. நம் உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது அந்நியனாகத் தெரிகிறது. தோலில் காவல் இருக்கும் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிச் சென்று டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. அங்கே ஒரு நினைவு பதிகிறது. பல வருடம் தொல்லையில்லாமல் போட்ட தோடு திடீரென ஆகாமல் போவது இப்படித்தான். அடுத்த முறை நிக்கல் பட்டால், நினைவுள்ள டி செல்கள் திரண்டு வந்து சேரவே ஓரிரு நாளாகும்.

மனிதத் தோலில் அபாயச் சங்கு ஊதும் டிஎல்ஆர்4 என்ற புரதத்தை நிக்கல் நேரடியாகவே தூண்டிவிடும் என்று 2010இல் தெரியவந்தது. சுண்டெலியின் டிஎல்ஆர்4இல் நிக்கல் ஒட்டும் இடம் இல்லை. எலியைச் சோதித்து இந்த நோயைப் படிக்க முயன்றவர்கள் அதுவரை பட்ட சிரமத்துக்கு அதுதான் காரணம்.

ஆக, உடனடி அலர்ஜியில் ஏறும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையோ, ஊசியால் குத்திக் கால் மணி நேரத்தில் பார்க்கும் சோதனையோ இதற்கு உதவாது. அவை வேறு வகை அலர்ஜியைப் பிடிப்பவை. நம்பகமான வழி, நோயைச் சிறிய அளவில் நாமே வரவழைத்துப் பார்ப்பது. பாதரச மருந்து பட்டுத் தோல் புண்ணான நோயாளியிடம் யோசெஃப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் 1895இல் இதைத்தான் செய்து காட்டினார். இன்றைய பேட்ச் டெஸ்ட்டின் தொடக்கம் அது.

செய்முறை எளிது. நகத்தளவு, 8 மி.மீ. அகலமுள்ள சிறு கிண்ணங்கள் பிளாஸ்திரியில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒன்றில் வாசலினில் குழைத்த 5% நிக்கல் சல்பேட், இன்னொன்றில் 1% கோபால்ட் குளோரைடு, மற்றொன்றில் 0.5% பொட்டாசியம் டைகுரோமேட். இந்தக் கடைசி உப்பு, சிமென்ட்டில் கை வைக்கும் கொத்தனாருக்கும், குரோமியத்தில் பதனிட்ட தோல் செருப்பு போடுபவருக்கும் உரியது. எல்லாவற்றையும் மேல்முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. சித்திரை வெயிலில் இதைச் செய்துகொள்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிரித்தவுடனே படிக்க மாட்டார்கள். பிளாஸ்திரி உரிந்த சிவப்பு அடங்கச் சற்றுப் பொறுத்துத்தான் முதல் கணக்கு. வெறும் சிவப்பு போதாது. விரலால் தடவினால் தடிப்பு தட்டுப்பட வேண்டும், கொப்புளம் இருந்தால் இன்னும் வலு. நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். உண்மையான ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் ஏறியிருக்கும். உப்பின் உறுத்தலால் மட்டும் வந்த சிவப்பு இறங்கியிருக்கும். சில உலோகங்கள், குறிப்பாகத் தங்கம், ஏழாம் நாள்கூட எழும். முதல் கணக்கோடு முடித்துக்கொண்டால் அதெல்லாம் தவறிப்போகும்.

கோபால்ட் இதில் ஒரு குறும்பு செய்யும். வியர்வைத் துளைகளின் வாயில் தங்கி, ஊசிமுனையளவு கருஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். பழகாத கண் அதை அலர்ஜி என்று எழுதிவிடும். தடவினால் தடிப்பு இருக்காது.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு டி செல்கள் அடங்கியிருக்கும் என்பதால் முடிவு பொய்யாகலாம். அரிப்புக்குப் போடும் சாதாரண அலர்ஜி மாத்திரை அவ்வளவாகக் கெடுக்காது, ஏனென்றால் அது தடுக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் அல்ல இங்கே வேலை செய்வது.

மூட்டு மாற்று அறுவைக்கு முன் எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டுமா? தேவையில்லை என்பதுதான் பரவலான நிலை. செயற்கை மூட்டில் கோபால்ட், குரோமியம் உண்டு; ஆனால் முதுகில் தடித்தவருக்கு முழங்காலிலும் தகராறு வரும் என்று சொல்லிவிட முடியாது. முன்பு நகையோ பித்தானோ பட்டுக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் செய்து பார்ப்பதில் அர்த்தமுண்டு.

நிக்கல் என்று உறுதியானபின் வீட்டில் தேடும் வேலை இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைம் என்ற ரசாயனமும் அம்மோனியாவும் தொட்ட பஞ்சால் பொருளைத் தேய்த்தால், நிக்கல் கசிகிற இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஜீன்ஸ் பித்தான், சாவிக்கொத்து, தாலிக்கொடியில் மாட்டிவைத்த ஊக்கு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கலாம். 8% நிக்கல் கலந்த எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்தால் பஞ்சு பொதுவாக வெள்ளையாகவே இருக்கும். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு ஏடு படிந்து நிக்கலை உள்ளேயே பூட்டிவைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994ஆம் ஆண்டு நிக்கல் விதியும், தோலோடு நெடுநேரம் உரசும் பொருள்களில் எவ்வளவு நிக்கல் கசிகிறது என்றுதான் அளக்கிறது: சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி.