பெரிய டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

விடியற்காலையில், முன்னும் பின்னும் யாரும் இல்லாத ஒரு நேரான சாலையில், ஐம்பதில் போகும்போது பிரேக்கை முழு பலத்தோடு ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார் என்றால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். அதிர்ந்ததா? சரி, இனி எவ்வளவு செலவு செய்து பெரிய டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) அதைக் கவ்வும் சிவப்பு காலிபரும் மாட்டினாலும் உங்கள் கார் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும்.

ஏனென்றால் அந்த அதிர்வுக்கு அர்த்தம், சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறது, ஏபிஎஸ் அதை விட்டு விட்டுப் பிடிக்கிறது என்பதுதான். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பலம் பிரேக்குக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. டயர்தான் சாலையைப் பற்ற முடியாமல் நழுவுகிறது. சின்ன வயதில் மணலில் சைக்கிள் பிரேக் பிடித்து, சக்கரம் சுற்றாமலேயே சர்ரென்று தேய்த்துக்கொண்டு போய் விழுந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காய்ந்த தார் சாலையில் டயரின் உராய்வுக் கெழு (சாலையை எவ்வளவு பற்றுகிறது என்பதன் அளவு) 0.8 என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு கார் நிற்க சுமார் 49 மீட்டர் ஆகும். மழையில் அது 0.5 ஆகக் குறைந்தால் 79 மீட்டர். இந்தக் கணக்கில் வருவது வேகம், உராய்வு, புவியீர்ப்பு மூன்றும்தான், டிஸ்க்கின் அளவு எங்குமே வராது. பெரிய டிஸ்க் செய்வதெல்லாம் நீளமான ஸ்பேனர் செய்கிற வேலை: அதே பிடிக்குக் காலில் கொஞ்சம் குறைவாக அழுத்தினால் போதும். ஓட்ட சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. (எவ்வளவு மிதித்தும் ஏபிஎஸ் வேலையே செய்யவில்லை என்றால் அது வேறு கதை, முதலில் மெக்கானிக்கிடம் போங்கள்.)

அப்படியானால் பெரிய பிரேக் வெறும் பகட்டா என்றால், அதுவும் இல்லை. அதன் மதிப்பு மலை இறங்கும்போது தெரியும். பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 1,200 கிலோ காரை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வரும் வெப்பம், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே வருகிறோம். அதை முழுக்கப் பிரேக்கிலேயே சமாளித்தால் அப்படி 25 முறை நிறுத்திய வெப்பம், கிட்டத்தட்ட 40 லிட்டர் அண்டா கொதிக்கிற அளவு, அந்தச் சின்ன டிஸ்க்குகளிலும் ட்ரம்களிலும் (பின்சக்கரத்தில் இருக்கும் உருளை வடிவ பிரேக்) இறங்குகிறது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடி தளரும். அதைவிட மோசம், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கனமான, காற்றோட்டமுள்ள டிஸ்க்கும் வெப்பம் தாங்கும் பேடும் இங்கேதான் காசுக்கு வேலை செய்கின்றன. ஆனால் இரண்டாவது கியரில் இறங்கினால் அந்த வெப்பத்தில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், அதற்குக் காசே வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 என்ற தர வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். பந்தயப் பேடுகளை மட்டும் அன்றாடக் காரில் போடாதீர்கள், அவை சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும், காலையில் தெருமுனையில் பால் வண்டி குறுக்கே வரும்போது உங்கள் பேட் குளிர்ந்துதான் இருக்கும்.

பின்சக்கர ட்ரம்மைக் கழற்றி டிஸ்க் போட ஆசைப்படுபவர்களும் உண்டு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் பாதிக்கு மேற்பட்ட வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. கணக்குப் பார்க்காமல் பின்னால் பலத்தைக் கூட்டினால் பின்சக்கரம் முதலில் நழுவி, ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் வால் பக்கம் வீசிவிடும். அந்தக் காசுக்கு நான் முதலில் நாலு நல்ல டயர் வாங்குவேன்.